நாயின் வயிற்றில் ஒரு மடிப்பு

பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பதினேழு வருடமாக வேலை. கற்றுக்கொள்கிறவரின் பக்கத்தில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். காலுக்கு வேலை உண்டு, கைக்குத்தான் இல்லை. கை சும்மா இருந்தால் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் சிக்னலில் நிற்கும்போதும், கற்றுக்கொள்கிறவர் வரத் தாமதமாகும்போதும் மடியில் ஒரு தாளை வைத்து எதையாவது மடித்துக்கொண்டிருப்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். மின்கட்டண ரசீதைத் தேடினால் அது ஜன்னலோரம் தவளையாக உட்கார்ந்திருக்கும். கணவர் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்ப்பவர், இடி விழுந்தாலும் புரண்டு படுப்பவர். "நீ அஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்தா நான் டாக்டரக் கூப்பிட்டிருவேன்" என்பார்.

அவளிடம் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கியவர்கள் தொள்ளாயிரம் பேராவது இருப்பார்கள். உரிமம் கைக்கு வந்த மறுவாரமே அவர்கள் சிக்னலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைத் தெரியாதவர்கள்போல் நிற்பார்கள். ஏறிப்போனவன் ஏணியை எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறான்? அவளுக்கு அதில் வருத்தம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மதியம், பல் டாக்டரம்மாவின் மருத்துவமனைக் கூடத்தில் காகிதம் மடிக்கிறவர்கள் கூடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். அந்த மாதம் மடித்ததை ஆளுக்கொன்றாக மேசையில் வைத்துக் காட்டவேண்டும். புத்தகத்தைப் பார்த்து மடித்தது என்றால் பாராட்டோடு சரி. "இது என் சொந்தக் கற்பனை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் சட்டம் வேறு. ஒரே தாள், கத்தரி படக்கூடாது, பசை கூடாது. எல்லோர் முன்னாலும் அதை முழுசாக விரித்து, வெறும் தாளாக்கிச் சுற்றுக்கு விடவேண்டும். எல்லோரும் கோடுகளை விரலால் தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டால், டாக்டரம்மா ஒரு நோட்டில் அதை உண்டாக்கியவரின் பெயரை எழுதுவார். மடித்த பொருள் கண்ணாடி அலமாரிக்குப் போகும். ஆறு வருடத்தில் அந்த நோட்டில் ஏறியவை நான்கே பெயர்கள். ஐந்தாவது பெயர் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று பிரேக் அக்கா எட்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மடித்தது ஒரு நாய். சும்மா நிற்கிற நாயில்லை. உடம்பை வளைத்துப் பின்னங்காலால் காதைச் சொறிகிற நாய். காகித உருவங்களில் பெரும்பாலும் இடமும் வலமும் ஒன்றுதான், ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்தால் போதும். சொறிகிற நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. ஓட்டுநர் பள்ளியில் தூக்கிப்போட்ட சாலைக் குறியீட்டுப் படத்தின் வெள்ளைப் பின்பக்கத்தில்தான் அதை மடித்தாள். கண்ணளவில் வெட்டிய தாள். மூன்று வாரம் மடித்த பிறகுதான் ஒரு பக்கம் விரற்கடை நீளமாக இருப்பது தெரிந்தது. இன்னொரு தாளில் முதலிலிருந்து தொடங்குகிற பொறுமை அவளுக்கு ஏது? மிச்ச நீளத்தை நாயின் வயிற்றுப் பக்கம் சின்னக் கொசுவமாகச் சொருகிவிட்டு மேலே போனாள்.

அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் கணக்கு சார். பள்ளிக்கூட வாத்தியார். ஐம்பத்துமூன்று வயதில் கார் ஓட்ட ஆசை வந்து அவளிடமே காலை வகுப்பில் சேர்ந்தார். பாதி மடித்த நாய் காருக்குள் அவள் மடியில் இருந்தது. கேட்கிறவருக்கு விஷயம் புரியும் என்றால் மனுஷிக்கு வாய் நிற்குமா? தினமும் சிக்னலில் தாளை விரித்து எது எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் முப்பது தாள்களைக் கோத்துச் செய்த பந்தைக் காட்டி, முப்பதுக்கும் முப்பது கதை சொன்னார். தையல்காரம்மா ஊசிமுனையால் மடித்த ஏழு குட்டிக் கொக்குகளை வைத்துவிட்டு, தயவுசெய்து யாரும் தும்மவேண்டாம் என்று கெஞ்சினார். பிரேக் அக்காவின் கால் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. சீக்கிரம் தன் முறை வரவேண்டும் என்று துடிக்கிறவள் எதற்குப் பிரேக்கை மிதிக்கவேண்டும் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. அவளுக்கு முந்தைய முறை கணக்கு சாருடையது.

சார் ஒரு டப்பாவைத் திறந்து நாயை எடுத்து வைத்தார். அது காதைச் சொறிந்துகொண்டிருந்தது. கத்திமுனை மாதிரி மடிப்புகள், கடையில் வாங்கிய உயர்ந்த தாள். "என் சொந்தக் கற்பனை" என்றார். அவள் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் ஆவென்று பார்த்தது. பையிலிருக்கும் தன் நாயை இப்போது எடுத்தால் அவளைத்தான் காப்பியடித்தவள் என்பார்கள். எடுக்காவிட்டால் எட்டு மாதம் போச்சு, பெயரும் போச்சு. எழுந்து போய்விடலாம் என்று இரண்டு தடவை பையைப் பிடித்தாள், இரண்டு தடவை விட்டாள்.

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும். சொந்தக் கற்பனை என்று சொன்னவர் விரித்துக் காட்டவேண்டும், சாரும் விரித்தார். தாள் சுற்றி வந்து அவள் கைக்கும் வந்தது. தவறான கோடு ஒன்றுகூட இல்லாத சுத்தமான தாள். நடுவில் மட்டும் வயிற்றுக்கு நேராக அந்த விரற்கடைக் கொசுவம், இரண்டு கோடுகளாக. அதைத் தடவியதும் அவள் விரல் நின்றுவிட்டது.

"சார், இந்த மடிப்பு எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது இருந்தாத்தான் நாய் வருது" என்றார் சார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். என் தாள் கோணல். ஒரு பக்கம் விரற்கடை நீளம். அந்த மிச்சத்தச் சொருகி வைக்கப் போட்ட மடிப்பு அது. உங்க தாள்தான் சரியான சதுரமாச்சே, அதுல எதுக்கு?"

சொல்லிவிட்டு அவள் தன் நாயை எடுத்து மேசையில் விரித்தாள். எட்டு மாதத் தப்புகளும் அதில் கோடு கோடாக இருந்தன. பின்பக்கத்தில் 'ஹாரன் அடிக்காதே' படமும் வளைவுப் பாதைப் படமும் தெரிந்தன. டாக்டரம்மா அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் விரற்கடை நீளம்தான். பரீட்சையில் காப்பியடித்தவனைச் சரியான விடையை வைத்துப் பிடிக்கமுடியாது, ஒரே மாதிரித் தப்பை வைத்துத்தான் பிடிக்கவேண்டும் என்று சாரே இதே மேசையில் பெருமையடித்ததைத் தபால்காரர் எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் அதிகமாகவே.

சார் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "கார்ல பார்த்ததுதான். ஆனா மடிக்க மடிக்க என்னோடதுன்னே தோணிருச்சு" என்று மட்டும் சொன்னார். விரித்த தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காகிதம் மடிக்கிறவர் யாரும் ஒரு தாளை அப்படி மடித்து அவள் பார்த்ததில்லை.

நோட்டில் ஐந்தாவது பெயர் ஏறியது. அடையாள அட்டையில் இருக்கிற அந்த முழுப்பெயர். ஆனால் நைந்த தாள் திரும்ப நாயாக மறுத்தது. மடிக்கும்போது பின்னங்கால் கிழிந்தேவிட்டது. அலமாரிக்குப் புதிதாக ஒன்று மடித்துக் கொண்டுவரச் சொல்லி டாக்டரம்மா ஒரு நல்ல சதுரத்தாளைக் கொடுத்தனுப்பினார்.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் மடிக்க உட்கார்ந்தாள். இந்தத் தடவை தாள் சரியான சதுரம். கொசுவத்துக்கு வேலையில்லை, அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அப்படியே மடித்தாள். நாய் வந்தது. கால் காதுக்கு எட்டவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள், அப்போதும் எட்டவில்லை. உடம்பு விறைப்பாக இருந்தது. சொறிகிற நாய் போல இல்லை, யாரையோ உதைக்கப்போகிற நாய் போல இருந்தது. கணவர் எட்டிப்பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்றார். அவருக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மூன்றாவது தடவை அந்தக் கொசுவத்தையும் சேர்த்து மடித்தாள். உடம்பு ஒரு பக்கமாக இழுபட்டு வளைந்தது, கால் நேராகக் காதில் போய் நின்றது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாயை உண்டாக்கியவள் அவள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எதனால் வளைகிறது என்று எட்டு மாதம் சுமந்தவளுக்குத் தெரியவில்லை. பார்த்து எடுத்துக்கொண்டுபோனவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்ன மனுஷனைப் பார்த்துத்தான் அத்தனை பேரையும் சிரிக்கவைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு சாருக்கு வகுப்பு. வரமாட்டார் என்று நினைத்தாள். வராவிட்டால் தேவலை என்றும் நினைத்தாள். வந்தார். வணக்கம் சொல்லி, இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, வண்டியை எடுத்தார். முதல் சிக்னலில் அவளால் பொறுக்கமுடியவில்லை.

"நேத்து அந்த மடிப்பு இல்லாம மடிச்சுப் பாத்தேன் சார். கால் எட்டல. நீங்க சொன்னதுதான் சரி."

"நாலு தடவ மடிச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னேன்" என்றார் சார், சிவப்பு விளக்கைப் பார்த்தபடி. பிறகு கேட்டார். "இத அங்க, எல்லாரும் இருக்கறப்போ சொல்வீங்களா மேடம்?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவர், அப்போ சாருக்கும் அதில் பங்கு இருக்கிறதே என்பார். நோட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் வரும். பதினேழு வருடத்தில் தனியாக அவளுக்கென்று கிடைத்தது அந்த ஒரு வரிதான். அதைப் பங்குபோட அவளுக்கு மனசில்லை. மனசில்லை என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சொல்றேன்" என்றாள்.

பச்சை விழுந்தது. சார் நம்பிவிட்டார், முகம் தெளிந்து முதல் கியரைப் போட்டார். அவளுக்குத்தான் தன்மேல் நம்பிக்கை வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது.