பெட்டிக்குள் போன கோழி

எங்கள் மலையில், பக்கத்து வீட்டுப் பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தால்தான் நான் என் கோழியைப் பறிகொடுத்தேன்.

சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை, அம்மா தலைவியாக இருந்த பெண்கள் குழுவுக்குச் சாமை உமி நீக்கும் மெஷின் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. அதுவரை சாமையை உமியோடு கீழே கொண்டுபோய் வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு, தை பிறந்ததும் அம்மா நாமக்கல்லுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவாள். இனி அரிசியாக்கி விற்றால் போக வேண்டியதில்லை என்றார்கள். மெஷின் பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது. எல்லாரும் மெஷினைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள, அம்மா மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டி அவுங்களுதுதானே? வெறும் பொட்டியவா திருப்பிக் குடுக்கறது?"

கொஞ்ச நாளில் அறக்கட்டளை அதிகாரி ஜீப்பில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு இறங்கினார். அவர் முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே பலாப்பழங்கள், ஒரு தார் மலைவாழை. அவற்றின் மேல், கால் கட்டப்பட்டு, நான் சோறூட்டி வளர்த்த செவலைக் கோழி! ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது.

அதிகாரி பதறினார். "பயனாளிகள்கிட்ட எதுவும் வாங்கக் கூடாதுங்க. அது எங்க ரூல்."

நல்ல மனுஷன், நூறு வயசு இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

அம்மா விடுவாளா? "நீங்க குடுத்தா நாங்க வாங்கிக்கோணும், நாங்க குடுத்தா வாங்க மாட்டீங்களா? நாங்க என்னங்க, பிச்சைக்காரங்களா? அப்ப மெஷினையும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிருங்க சாமி!"

அம்மாவின் அண்ணனான மாமா அவள் காதருகே கெஞ்சினார். "ஏம்புள்ள, மெஷினு போச்சுன்னா மறுபடியும் சித்தாளு வேலைக்குப் போகோணும், பாத்துக்க."

"போறேன்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அதைக் கவனிக்கிற நிலையிலா நான் இருந்தேன்?

அதிகாரி மேலிடத்தைக் கேட்கலாம் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக ஏறினார். டவர் கிடைக்கவில்லை. கடைசியில், "சரிங்கம்மா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று இறங்கி வந்தார். பலாப்பழ வாசனையோடு அந்த வளைவுகளில் இறங்குவதை நினைத்தாரோ என்னவோ, மூக்கைப் பொத்திக்கொண்டு என் கோழியைத் தூக்கினார். கோழி நாறாது என்று அவருக்கு எந்த மடையன் சொன்னானோ!

ஜீப் போன பிறகு தரையில் புரண்டு அழுதேன். இனி அம்மாவோடு பேசுவதில்லை என்று சபதமும் போட்டேன். தை போயிற்று, மாசியும் போயிற்று, நான் வாய் திறக்கவில்லை. சாமை அரிசியை மூட்டை கட்டியபடியே அம்மா, "இன்னிக்காவது பேசுவியா கண்ணு?" என்று தினமும் கேட்பாள். நான் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். முந்தைய வருஷங்களில் அந்த மாதங்களில், முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அம்மா பக்கத்தில் இருந்ததில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.