நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை

எங்கள் டிரைவருக்கு டிப்போவில் வைத்த பேர் ‘ஹாரன்’. அவர் தொண்டை இருக்க வண்டிக்கு எதற்கு ஹாரன்? நான் அவருடைய கண்டக்டர். அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, தினமும் உப்பில்லாமல் சமைத்து டப்பாவில் கட்டிக் கொடுப்பார். அதை நான் தின்று தீர்ப்பேன். அவர் கேன்டீனில் ஒரு பிடி பிடிப்பார்.

அன்று அவர் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, நான் டப்பாவைத் திறக்குமுன்னே வண்டியைக் கிளப்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. ஸ்டீயரிங் அவருடைய இடது விலாவுக்குக் கீழே இடித்தது. இறங்கி லாரிக்காரனைக் கிழி கிழியென்று கிழித்தார். பாதியில் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த இளம் டாக்டர், நெஞ்சில் காற்று அடைத்திருக்கிறது, விலா வழியாகக் குழாய் போடணும் என்றார். பெரிய டாக்டரம்மா ஸ்டெத் வைத்துக் கேட்டார்.

“இடது பக்கம் மூச்சு சத்தத்தையே காணோம். வயித்துல கேக்குற மாதிரி கடமுடாங்குது. நெஞ்சுல குத்தாதீங்க.”

மூக்கு வழியாக இரைப்பைக்கு மெல்லிய குழாய் விட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். அதன் நுனி நெஞ்சுக்குள் சுருண்டு கிடந்தது.

“நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை கிழிஞ்சு, இரைப்பை மேல ஏறிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். கடைசியா எப்ப சாப்பிட்டார்?”

“இரைப்பை எப்படிங்க நெஞ்சுக்குப் போகும்?” சேதி கேட்டு ஓடி வந்திருந்த அண்ணி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அண்ணி என் பையிலிருந்த டப்பாவை எடுத்து டாக்டரிடம் காட்டினார். “அவர் இன்னும் சாப்பிடலைங்க. டப்பா திறக்காமலே இருக்கு பாருங்க.”

சொன்னால் ஹாரன் என்னைத் தொலைத்துவிடுவார். சொல்லாவிட்டால்?

“வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கார் டாக்டர். கேன்டீன்ல.”

“நல்லவேளை சொன்னீங்க. மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குள்ள போனா ஆபத்து.”

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தோம். டாக்டரம்மா வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

“இரைப்பையும் கிழிஞ்சிருந்துச்சு. நெஞ்சுல சிந்தின சோத்தையெல்லாம் கழுவி, எல்லாத்தையும் தச்சு, கீழ இறக்கி வெச்சாச்சு. சீழ் பிடிக்காம இருந்தா பிழைச்சுக்குவார்.”

அண்ணி கையிலிருந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இத்தனை நாளா டப்பாவைக் காலி பண்ணினது?”

“நான்தான் அண்ணி.”

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார்.

“சாப்பிடுங்க. பாவம், அவருக்கு நாக்கு செத்துப்போச்சேன்னு இன்னைக்குத்தான் கொஞ்சம் உப்பு போட்டேன்.”