பேசச் சொல்லிக்கொடுத்த ரெபேக்கா டீச்சர்

ரெபேக்கா டீச்சர் போய்விட்டார். கிள்ளானில், தம்பி வீட்டில்... மலேரியாக் காய்ச்சலாம்.

செவ்வாய்க்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது. இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் அவர் சர்ச்சுக்குப் போகிற ஓர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவரிடம் படித்தவர்கள் பத்திரிகையில் இதைப் படிப்பீர்கள். தங்கமான டீச்சர் என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் அவர் எப்படி நம் பள்ளியை விட்டுப் போனார் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். பக்கத்து கிளாஸில் கணக்கு டீச்சர் நான்.

ஸ்டாண்டர்ட் சிக்ஸ், செவன் பெண்களுக்கு இங்கிலீஷ் கான்வர்சேஷன் அவருடைய பாடம். மற்றவர்கள் கேள்வியையும் பதிலையும் போர்டில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வோம். இவர் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போடுவார்.

ஒருத்தி கேட்க வேண்டும், இன்னொருத்தி சொல்ல வேண்டும். சொன்ன பதிலிலிருந்துதான் அடுத்த கேள்வி வர வேண்டும். காதுகொடுத்துக் கேட்காதவள் மாட்டிக்கொள்வாள்.

நடுவில் வெறும் பலகைத் தடுப்பு... எல்லாம் எனக்குக் கேட்கும்.

ஒருநாள் 'முடியாது' என்று சொல்வதற்கே ஒரு முழு பீரியட். அழாமல், கோபப்படாமல், காரணத்தோடு சொல்ல வேண்டும். முதலில் ஒருத்தியாலும் முடியவில்லை, சிரித்தே மழுப்பினார்கள். "மறுபடியும் சொல்லு, அவசரமில்ல" என்று மணியடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

அந்த வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பெண். அப்பா ரயில்வேயில் தண்டவாளக் கூலி. முதல் மாதம் முழுக்க வாயே திறக்காதவள், ஆறு மாதத்தில் டீச்சரையே எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று இங்கிலீஷில் கேட்டாள்.

பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் என் அப்பாவைத்தான் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை என்றார் டீச்சர். தடுப்புக்கு இந்தப் பக்கம் சாக்பீஸும் கையுமாக நான் சிரித்துவிட்டேன்.

பிறகு அந்த இன்ஸ்பெக்டர் வந்தார்.

அஞ்சலையை எழுப்பி, பள்ளியில் சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டார். 'எஸ் சார்' என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். அவள் பாடங்கள் பிடிக்கும் என்றாள். ஆனால் தையல் பீரியடில் கூலி லைன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நாலு பேரை மட்டும் ஹெட்மிஸ்ட்ரஸ் தோட்டத்துக்குத் தண்ணீர் சுமக்க அனுப்புகிறார்கள், எங்களுக்கும் தையல் கற்க ஆசை என்றாள். குரல் நடுங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அவளுடைய உச்சரிப்பைப் பாராட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார். அடுத்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

மறுவாரம் ஒழுக்கம் போதாது என்று அஞ்சலையின் பெயரைப் பள்ளி ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிட்டார்கள். ரெபேக்கா டீச்சர் ஆபீசுக்குள் போய் வாதாடினார். அப்படியானால் நீ சொல்லிக்கொடுத்துத்தான் பேசினாளா என்று அவர் மேலேயே திருப்பினார்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

அது ஸ்லம்ப் காலம், ரப்பர் விலை விழுந்து எங்கும் வேலை போன நேரம். ரயில்வே பலரை ஆள்குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்கும் வேலை போயிருந்தது.

ரெபேக்கா சொல்லிக்கொடுத்தாளா என்று என்னைக் கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ். கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், எதுவும் காதில் விழவில்லை என்றேன். அந்தப் பிள்ளைகள் தண்ணீர் சுமந்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்ததில்லை என்றேன்.

அவ்வளவுதான். மாதக் கடைசியில் டீச்சர் பெட்டியைக் கட்டினார். அஞ்சலையின் அப்பாவுக்கும் சீட்டுக் கிழிந்து, குடும்பமே கப்பலேறியது. அந்தப் பெண்ணை நான் பிறகு பார்க்கவில்லை.

கான்வர்சேஷன் கிளாஸை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? எனக்கு. முதல் வேலையாக நாற்காலிகளைத் திருப்பி வரிசையில் போட்டேன். இன்றும் அந்த வகுப்புப் பெண்கள் என்னிடம் பதிலை மனப்பாடம்தான் செய்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து கிள்ளான் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாராம். கையில் துணிமூட்டை. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார்.

நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரர் வேலை, பயம், எல்லாம். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"ஒங்க கஷ்டம் எனக்குப் புரியுது, லெட்சுமி. எனக்காகப் பேசலன்னு நான் சொல்லல. அந்தப் புள்ள சொன்னது நெசம்னு ஒரு ஆளாவது சொல்லியிருக்கணும்."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அத என்கிட்ட கேட்டா எப்படி?"

ட்ரெய்ன் வந்தது. ஏறிக்கொண்டேன்.

இன்று மத்தியானம் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டனுப்பினார். திங்கட்கிழமை பிரேயரில் ரெபேக்காவின் சேவையைப் பற்றி நான் இரண்டு நிமிஷம் பேச வேண்டுமாம். எழுதி முதலில் அவரிடம் காட்ட வேண்டுமாம்.

அவரிடம் காட்டாமல் இங்கே எழுதுகிறேன்.

நாலு பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். வாரம் தவறாமல் என் ஜன்னல் வழியாகத்தான் போனார்கள். நான் பார்த்தேன்.

போய் வாருங்கள், ரெபேக்கா...