மூலையில் இருந்த இரண்டு எழுத்து

ஆர்டித் மோஷரின் இடதுகைப் பழக்கத்தை மாற்ற அவளுடைய ஆசிரியை என்னென்னவோ செய்து பார்த்தாள். ஸ்கேலால் அடித்தாள். மூலையில் நிற்க வைத்தாள். கடைசியில் ஒரு துண்டுக் கயிற்றால் அந்தக் கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். ஏழு வயதுப் பிள்ளையைக் கட்டிப்போட்டுப் பாடம் நடத்தினாளே, அவளெல்லாம் ஒரு வாத்தியாரம்மா!

பக்கத்து இருக்கையில் வெல்டா உட்கார்ந்திருந்தாள். வாத்தியாரம்மா கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் குனிந்து முடிச்சை அவிழ்த்துவிடுவாள். ஒருநாள் மாட்டிக்கொண்டு அவளும் முட்டியில் அடி வாங்கினாள். மறுநாளும் அவிழ்த்தாள்.

அன்றைக்குத் தொடங்கிய சிநேகம் அது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் தென்கரையில் ரிட்ஸி துறை என்ற எங்கள் ஊரில், ஒருத்தியைத் தேடினால் மற்றவளைக் கேட்டால் போதும். மீன் ஆலையில் முப்பத்தோரு வருடம் இருவரும் ஒரே மேசையில் நின்று ஹாடக் மீன் சீவினார்கள். ஆர்டித்தின் புருஷன் வில்ஃபிரட் படகுத்துறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, வெல்டா பதினோரு நாள் தன் வீட்டுக்குப் போகாமல் இவள் வீட்டிலேயே கிடந்தாள். பெற்ற பிள்ளைகள்கூட மூன்றாம் நாளே கிளம்பிவிட்டன.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு ஆர்டித்தை இழுத்துக்கொண்டு போனதும் வெல்டாதான். சர்ச் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சாக்குத்துணி கட்டிய மரச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து விரிப்பு போடுவார்கள். பழைய கோட்டு, பழைய கம்பளிக் கால்சட்டை எல்லாவற்றையும் மெல்லிய நாடாவாகக் கிழிக்க வேண்டும். நாடாவைச் சாக்குத்துணிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியை விட்டு, கண்ணி கண்ணியாக இழுக்க வேண்டும். முடிச்சு என்று ஒன்று கிடையாது. கண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று பிடித்து நிற்கும். அசந்து ஒரு நுனியை இழுத்தால் ஒரு வரிசையே கையோடு வந்துவிடும்.

அவரவர் கண்ணி அவரவர் கையெழுத்து மாதிரி. ஆர்டித்தின் கண்ணிகள் உயரமாக, எல்லாருடையதுக்கும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். விரிப்பைத் திருப்பினால் அடியில் நாடா தாறுமாறாகக் குறுக்கே ஓடியிருக்கும். விரிப்பு போடுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் முதலில் மூலையைத் தூக்கி அடிப்பக்கம்தான் பார்ப்பார்கள்.

"ஆர்டித் அக்கா, அடியில இப்படிக் குறுக்கே ஓட்டக் கூடாதுக்கா," என்பாள் கூட்டத்தின் தலைவி கிளெண்டா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"அடிப்பக்கத்தை எங்க வீட்டு நாய்தான் பாக்குது. அது இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலையே," என்பாள் ஆர்டித். ஹாலே சிரிக்கும். வெல்டாவின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்கும்.

கூட்டம் தொடங்கி இருபது வருடம் ஆனதற்கு இந்த ஜூனில் ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவு செய்தார்கள். ஊர்த் துறைமுகத்தையே ஒன்பது சதுரமாகப் பிரித்து, ஒன்பது பேர் ஆளுக்கொன்று போட்டு, சேர்த்துத் தைத்துப் பெரிய விரிப்பாகச் சுவரில் மாட்டுவது. ஆர்டித்துக்கு அலைதடுப்புச் சுவருக்கு வெளியே இருக்கும் கடல் கிடைத்தது. வில்ஃபிரட்டின் சாம்பல் நிறக் கம்பளி உள்ளாடைகளையும் பச்சை வேலைக் கால்சட்டையையும் அதற்காகவே கிழித்தாள். பதினாறு வருடமாகப் பெட்டியில் வைத்திருந்த துணிகள். முதல் வெட்டுக்குக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பனிக்காலத்திலிருந்து அவள் கை கொஞ்சம் நடுங்கிற்று. கண்ணிகள் ஒன்று ஏறி, ஒன்று இறங்கின. கடல் மட்டும் என்ன இஸ்திரி போட்டா கிடக்கிறது? தென்கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் அந்த இடத்தில் தண்ணீர் அப்படித்தான் கிடக்கும். வில்ஃபிரட்டோடு படகில் போனவளுக்குத் தெரியாதா? மூன்று மாதம் போட்டாள். கீழ் மூலையில், அவனுடைய வேட்டைத் தொப்பியின் சிவப்பு நாடாவால் தன் பெயரின் முதல் எழுத்து இரண்டையும் கோணலாகப் போட்டு முடித்தாள். ஏப்ரல் தொடக்கத்தில் வெல்டாவிடம் கொடுத்தாள். ஒன்பதையும் சேர்த்துத் தைப்பது வெல்டாவின் பொறுப்பு.

"நல்லா வந்திருக்குடி," என்றாள் வெல்டா. "வில்ஃபிரட் பாத்தா லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவான்."

பத்து நாள் கழித்து வெல்டாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம். "ஒட்டிக்கும், வராதே," என்று போனில் சொல்லிவிட்டாள். ஆர்டித் ஒருநாள் விட்டு ஒருநாள் மீன் சூப்பு வைத்து, பானையோடு அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். ஜன்னல் திரை மூடியே கிடந்தது. பாவம், எழுந்து நடமாடக்கூட முடியவில்லை போலிருக்கிறது என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே வருவாள். கடைசிப் பானை திரும்பி வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

கண்காட்சி நாள் காலையில் கரும்புப்பாகு பிஸ்கட்டுத் தட்டோடு ஹாலுக்குள் நுழைந்தாள். ஆளாளுக்கு ஓடி வந்து தட்டை வாங்கினார்கள். "வாங்கக்கா, இப்படி உக்காருங்க," என்று கிளெண்டா வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாள். விரிப்பு எதிர்க்கோடியில் தொங்கிற்று. இவ்வளவு உபசாரம் தனக்கு எப்போது நடந்தது என்று யோசித்தவள், உட்காராமல் நேரே விரிப்பிடம் நடந்தாள்.

கடல் அங்கேயேதான் இருந்தது. அதே சாம்பல், அதே பச்சை. அலைகூட அவள் வரைந்த அலைதான். ஆனால் தண்ணீர் அசையவில்லை. கண்ணிகள் தாழ்வாக, சீராக, ஒரே உயரத்தில் நின்றன. அத்தனையும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

மூலையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். ஒரு நாடாகூடக் குறுக்கே ஓடவில்லை. இந்த அடிப்பக்கத்தை இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு, இது வெல்டாவின் கை என்று யாரும் சொல்ல வேண்டுமா? திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் பிஸ்கட்டை அடுக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். ஆக, எல்லாருக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான்.

வெல்டா மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"உனக்குக் காய்ச்சலே வரல, இல்ல?" என்றாள் ஆர்டித்.

"ஆர்டித், கேளுடி. ஹாலிஃபாக்ஸ்ல நடக்கற பெரிய கண்காட்சிக்குப் போட்டோ அனுப்பினோம். அதை நடத்தற அம்மா எழுதினா, ஒரு சதுரம் மட்டும் உறுத்துது, அதைச் சரி பண்ணா எடுத்துக்கறோம்னு. கிளெண்டா என்கிட்ட வந்து நின்னா. நான் என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான்... உன் நல்லதுக்குத்தாண்டி செஞ்சேன். உன் துணிதான், உன் படந்தான். பேரும் உன் பேருதான். பாரு, அதைக்கூட விடல."

ஆர்டித் குனிந்து பார்த்தாள். மூலையில் சிவப்பில் அவளுடைய இரண்டு எழுத்தும் இருந்தன. அவள் போட்டது போலவே கோணலாக இருந்தன. அந்தக் கோணலைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்திருந்தாள் வெல்டா. கடலைப் பிரித்ததைக்கூட ஆர்டித் ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பாள். இது தாங்கவில்லை.

"மூணு வாரம் உள்ள உக்காந்து என் புருஷன் துணியைப் பிரிச்சுக்கிட்டு, நான் வச்ச சூப்பையும் குடிச்சிருக்கே. எப்படிடி தொண்டையில இறங்குச்சு?"

வெல்டா குனிந்து விரிப்பின் மூலையை நீவிவிட்டாள்.

"அந்த வாத்தியாரம்மா பரவாயில்ல. அவ என் கண்ணு முன்னாடிதான் கட்டினா. என் பக்கத்துல உக்காந்து அவுத்து விட்டவளே நீதானேடி!" ஆர்டித் தன் இடதுகையைத் தூக்கிக் காட்டினாள். "நீ கட்டுவேன்னு நான் கனவுல கூட நெனைக்கல."

அப்போது வாசலில் பரபரப்பு. ஹாலிஃபாக்ஸ் அம்மாள் வந்துவிட்டாள். கிளெண்டா பல்லெல்லாம் தெரிய அழைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் ஹாலைக் கடந்து வருவதற்குள் ஆர்டித் இடதுகை நகத்தால் சிவப்பு நுனியைத் தேடிப் பிடித்தாள். இழுத்தாள். கண்ணிகள் பொலபொலவென்று வந்தன. இரண்டாவது எழுத்தும் வந்தது. மூலையில் வெறும் சாக்குத்துணி பல்லை இளித்தது. நாடாவைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். கடலில் ஒரு கண்ணியைக்கூட அவள் தொடவில்லை.

வந்தவள் விரிப்பின் முன்னால் நின்று வாய் நிறையப் பாராட்டினாள். "குறிப்பா இந்தக் கடல்! எவ்வளவு சீரா இருக்கு இப்ப!" என்றவள், குனிந்தாள். "அட, இங்க மூலையில என்ன, காலியா இருக்கு?"

கிளெண்டா வெல்டாவைப் பார்த்தாள்.

"அது போட்டவங்க பேரு வர்ற எடம்மா," என்றாள் ஆர்டித். "வெல்டாவோட கடல் அது. அவ பேரு போடத்தான் காலியா விட்டிருக்கு. நீங்க எடுத்துக்கிட்டுப் போறதுக்குள்ள போட்டுடுவா. கை சுத்தம் அவளுக்கு."

வெல்டாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஆர்டித்..." என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்தாள் ஆர்டித். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அறுபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக வெல்டாவை விட்டுவிட்டு அவள் தனியாகக் கிளம்பினாள். வாசற்படியில் நின்று ஒரு தடவை திரும்பினாள்.

"என் பானை உங்கிட்டதான் இருக்கு," என்றாள். "கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போ. கதவைத் தட்டாதே."