ராயப்பன் மனுப் போட்ட ரோடு

ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது பக்கத்து வீடு எவ்வளவு உயரம் என்பதைத்தான். பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுகிறார்கள், ரோடு ஏறுகிறது. ரோட்டுக்குப் பயந்து வீடும் ஏறுகிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கும் ராயப்பன் கட்டியபோது தெருவிலேயே அவர் வீடுதான் உயரம். வாசலில் ஏழு படி. மழைத்தண்ணீர் அந்த ஏழு படியையும் ஏறி வந்தால், பார்த்துப் பொறாமைப்படக் கூடத் தெருவில் ஆள் மிஞ்சியிருக்காது என்பதை அவர் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது மனைவி ஆனிமேரியின் முழங்கால். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூன்று வாரத்துக்கு முன் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து, மகள் ஜெனியின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அங்கே லிஃப்ட் உண்டு. இங்கே கைப்பிடி இல்லாத ஏழு படி. இன்னும் இரண்டு மாதம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்று மருமகன் டோனி சொன்னதற்கு டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்த யோசனை போயிற்று.

"என் வீட்டுக்குள்ள நான் நடந்துதான் போவேன். இந்த ஞாயித்துக்கெழம முடியலன்னா கிறிஸ்மஸ் வரைக்கும் ஜெனி வீடுதான். நீங்க கட மாவ வாங்கி இட்லி ஊத்திக்கங்க."

மூன்று வாரமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார் ராயப்பன். இட்லியாவது பரவாயில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆளில்லாமல் கேஸ் அடுப்பிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் படிகளை ஒட்டிச் சாய்தளம் போட இறங்கினார். பக்கத்து வீட்டு நல்லகாமன் கூட நின்றார். வாடிப்பட்டிப் பக்கம் தோப்பும் மாடும் உள்ளவர். பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு கட்டியவர்.

"மாப்ள, வீடியோல ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்கிறான்" என்றார் ராயப்பன்.

"ஒனக்கு உயரம் எம்புட்டு?"

"நாலடி."

நல்லகாமன் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார். "அப்ப எதிர்வீட்டு டிவிக்குக் கீழ போயி முடியும். அவுகட்ட கேட்டுட்டியா?"

வாசலில் இருந்த இடம் எட்டடி. எட்டடியிலேயே போட்டார்கள். யானைமலைக்கு ஒரு குட்டி பிறந்த மாதிரி ஏறி நின்றது. கலவையில் சீக்கிரம் இறுகுவதற்கு ஒரு பவுடர் கலந்திருந்தார் ராயப்பன். கடைக்காரர் சொன்ன அளவில் இரண்டு மடங்கு. சீக்கிரத்திலும் சீக்கிரம் இறுகும் என்பது அவர் கணக்கு.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஐந்து பேரும் வெளியே சாப்பிட்டார்கள். அப்பா, அம்மா, மகள், மருமகன், பேரன் மெர்வின். பிறகு தெப்பக்குளம். நாலு மணிக்கு எல்லோரும் காருக்குக் கிளம்பினார்கள். ராயப்பன் மட்டும் கிளம்பவில்லை.

"இன்னொரு சுத்து போவோமா? காத்து நல்லாருக்கு."

"எனக்கு வாக்கரப் புடிச்சிக்கிட்டு ஒரு சுத்தா?" என்றார் ஆனிமேரி.

"நீ ஒக்காரு. நாங்க போயிட்டு வாரோம்."

இரண்டு சுற்று நடந்தார். திரும்பி வந்து சுண்டல் வாங்கினார். பிறகு ஐஸ்கிரீம். முப்பது வருடத்தில் அவர் யாருக்கும் இரண்டு பண்டம் சேர்த்து வாங்கித் தந்ததில்லை.

"ஏங்க, சிமெண்டு காயலயா?" என்று கேட்டார் ஆனிமேரி.

ராயப்பன் ஐஸ்கிரீமைப் பார்த்தார். "காஞ்சிருக்கும்."

வீட்டு வாசலில் நல்லகாமன் காத்திருந்தார். சாய்தளத்தில் கட்டைவிரலை ஊன்றினார். விரல் இறங்கியது. பவுடர் அளவு மிஞ்சியதில் கலவை இறுகவே இல்லை. மேலே ஒரு நாய் ஏறி, யோசித்து, இறங்கிப்போன தடமும் இருந்தது.

"திருப்புங்க டோனி" என்றார் ஆனிமேரி. குரலில் கோபம் இல்லை. ஜன்னல் வழியாக வீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ராயப்பனுக்குக் கோபமே தேவலை என்று இருந்தது.

"டீச்சர், ஒரு நிமிசம்" என்றார் நல்லகாமன். "மாப்ள, பின்னாடி சந்துல படியே கெடையாதேப்பா."

எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்பக்கம் பிறவியிலேயே மேடு. போன வருடம் அங்கே போட்ட சிமெண்ட் ரோடு மிச்சமிருந்த படிகளையும் விழுங்கிவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று ராயப்பன் மூன்று மனு எழுதினார். அருமையான மனுக்கள். ஒன்றுக்கும் பதில் வராததால் பின்கதவை உள்ளிருந்து பலகை வைத்து அடைத்து, அதன் மேல் அலமாரி ஒன்றைத் திருகி மாட்டினார். வாரக் கடைசிகளில் அவர் செய்த சாமான்களில் ஆடாமல் நிற்பது அது ஒன்றுதான். வீட்டுக்கு வருகிறவர்களை அடுப்படி வரை கூட்டிப்போய்க் காட்டுவார்.

ராயப்பன் ஏழு படியையும் ஏறி உள்ளே போனார். டிரில் மெஷின் சத்தம் கேட்டது.

கார் சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்தது. பதினெட்டு ஸ்க்ரூ. கடைசி இரண்டும் கழலாததால் அலமாரியின் ஒரு பக்கத்தை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்த சத்தம் காருக்குள்ளும் கேட்டது. கதவு திறந்தபோது ராயப்பன் தலையெல்லாம் மரத்தூள்.

ஆனிமேரி வாக்கரை ரோட்டில் ஊன்றி இறங்கினார். ரோட்டிலிருந்து நிலை, நிலையிலிருந்து அடுப்படி. யாரும் தொடவில்லை. அடுப்படி மேடையைப் பிடித்து நின்று, நாலு பக்கமும் பார்த்தார். மேடையில் மாவுப் பாக்கெட்டுகள் காலியாகக் கிடந்தன.

"அந்த அலமாரிய ஃபிரிட்ஜ் பக்கத்துல வைங்க" என்றார். "ஒடஞ்ச பக்கம் செவத்தப் பாத்து இருக்கட்டும்."

"நாளைக்கு வைக்கிறேன்."

"நாளைக்கு வேற வேல இருக்கு. மனு எழுதணும்."

"என்ன மனு?"

"மொத மூணு மனுவையும் வாபஸ் வாங்கி ஒண்ணு. கீழயே சந்துக்கு ஒரு லைட்டும் கேட்டு எழுதிருங்க. இருட்டுல நான் எப்டி வாரது போறது?"

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ராயப்பன் எழுதினார். நல்ல மனுதான். ரோட்டை இன்னும் அரை இஞ்ச் உயர்த்தினால் வாக்கருக்கு வசதியாக இருக்கும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். சாயங்காலம் படித்துப் பார்த்த ஆனிமேரி அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.