தோடு குத்தாத ஹெட்போன்

எண்பதுகளின் தொடக்கத்தில், தேயிலை மலையூரான தானா ராத்தாவில் ஒரு கடையில் நான் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலில் பல வருடம் வேலை செய்த அம்மாவுக்குக் காது மந்தமாகியிருந்தது. ரேடியோவை அலறவிட்டால்தான் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு, பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதனால் ரேடியோ கேட்பதையே நிறுத்திவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் கிடந்த பழைய ஹெட்போனைக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார்.

"தோடு குத்துது. ரேடியோல சத்தம் கூட்டுற திருகும் சின்னதா இருக்கு, என் வெரலுக்குத் திரும்பல. விடு லா."

நான் விடவில்லை. பழைய ஸ்வெட்டரை வெட்டி, காது உள்ளே அடங்கும்படி நடுவில் பள்ளம் விட்டு மெத்தை தைத்தேன். முதல் ஜோடியில் சத்தம் வெளியே கசிந்தது. இரண்டாவது ஜோடி மறுபடி தோட்டை அழுத்தியது. மூன்றாவது பொருந்தியது. திருகின் மேல் அகலமான ஜாம் பாட்டில் மூடியை ஒட்டினேன். விறைத்த விரல்களை விட்டுவிட்டு, உள்ளங்கையாலேயே அம்மா அதைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை முழுதாகக் கேட்டு முடித்தார். அழுதிருந்தார். ஆனால் கழற்றியதும் சொன்னது இதுதான்:

"எடது பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்குது. சரி பண்ணிக் குடு."

ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.