வான்கோழி பார்க்கும் லோகநாதன்

லோகநாதன் வான்கோழியை முன்னாலிருந்து பார்ப்பதில்லை. யாராவது ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், அதன் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்கிறார். கோழி நாலடி நடக்க வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்ப்பார். பிறகு இடது கையால் இறக்கையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வலது கையை அடியில் விட்டு நெஞ்சைத் தடவுவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் பதறிக் கோழியை விட்டுவிடுவார்.

வெயிலில் வெண்கலம் போலப் பளபளக்கும் வான்கோழிகளில் இரண்டு வகை உண்டு. நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஒன்று நாட்டு வகை. மெல்ல வளரும், மதில்மேல் பறந்து ஏறும், தானே இணை சேர்ந்து குஞ்சு பொரிக்கும். மற்றது கறிக்காகவே பண்ணைகளில் உருவாக்கிய வகை. நெஞ்சு பானையாகப் புடைத்திருக்கும். அந்தக் கனத்தோடு சேவல் பெட்டைமேல் ஏற முடியாது. பண்ணையில் ஆட்கள் கையால் விந்து செலுத்துவதால்தான் முட்டையில் கரு பிடிக்கிறது. அடித்துச் சாப்பிட வாங்குபவருக்கு எதுவானாலும் சரி. குஞ்சு எடுக்க வாங்குபவர் ஏமாந்தால் எழுந்திருக்க முடியாது.

"நாட்டுக் கோயின்னா நெஞ்செலும்பு படகு அடிக்கட்ட மாரி வெரல்ல தட்டும் நைனா. பண்ணைக் கோயிக்கு ரெண்டு பக்கமும் கறி ஏறிக்கினு எலும்பு பள்ளத்துல பூடும்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நடுங்குவதில்லை.

பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருட அனுபவம். வான்கோழி அவரிடம் வந்ததே பயத்தால்தான். தொண்ணூற்றிரண்டில் அவருடைய மேஸ்திரி, சட்டைக்காரர் என்று ஊரில் சொல்லும் ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, வீட்டில் வளர்த்த மூன்று வான்கோழிகளைக் கூடையோடு கொடுத்து, "நீ வெச்சிக்கோ மேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல லோகநாதனுக்கு வாய் எழவில்லை. கூடையைச் சைக்கிள் கேரியரில் கட்டி வந்து, வியாசர்பாடியில் தான் குடியிருக்கும் வீட்டு வசதி வாரியக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏற்றினார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மேஸ்திரியின் உறவினர்கள் கோழி வாங்கப் போகையில் அவரையும் கூட்டிப்போவார்கள். சந்தையில் பண்ணைக் கோழிகளைத் தொட்டுத் தொட்டு அவராகவே வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்.

மின்னலுக்குப் பயப்படுவார். தபால்காரர் படியேறும் சத்தத்துக்குப் பயப்படுவார். பஸ்ஸில் இறங்கும்வரை டிக்கெட்டை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருப்பார். பின்னாலிருந்து யாராவது "லோகு" என்று கூப்பிட்டால், "நான் இல்லபா" என்பதுதான் முதலில் வாயில் வரும். அவர் மனைவி ராஜாத்திக்கு இதில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. "தன் நெழலு முன்னால போனாகூட, நீ போ சாமின்னு வழி வுட்டு நிக்கிற ஆளு இவரு" என்பாள்.

இந்த மனிதரைத்தான் இரண்டாயிரத்து மூன்று ஆகஸ்டில் எர்ணாவூருக்கு வரச்சொன்னார்கள்.

அழைத்தவள் ராஜாத்தியின் தங்கை ரமாபாய். எர்ணாவூரில், அரசாங்கம் மறுகுடியேற்றத்துக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அவள் தலைமையில் பன்னிரண்டு பெண்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து, வான்கோழி வளர்த்துக் குஞ்சு விற்பதென்று பாங்கில் கடன் பேசி முடித்திருந்தார்கள். ராயபுரத்தில் கோழிக்கடை வைத்திருக்கும் தெற்கத்தி வியாபாரி சிவந்தி, நாட்டு வகை என்று சொல்லி இரண்டு சேவலும் எட்டுப் பெட்டையும் டெம்போவில் அனுப்பியிருந்தார். கூட வந்தவன் அவருடைய ஆள் பாஸ்கர்.

"எங்க மாமா பாத்துட்டுச் சொன்னாதான் எறக்குவோம்" என்றாள் ரமாபாய்.

லோகநாதன் டெம்போவுக்குள் ஏறினார். சேவல் நடந்தபோதே சந்தேகம் தட்டியது. கால்கள் அகன்று விழுந்தன. நெஞ்சுக்கு அடியில் கையை விட்டார். விரல் எலும்பைத் தேடிப் பள்ளத்தில் இறங்கியது. இரண்டு பக்கமும் மெத்தென்று கறி. அடுத்த சேவலும் அப்படியே. பெட்டைகளும் அதே வகைதான்.

அவர் கையை எடுப்பதற்குள் பாஸ்கர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். தோளில் கை போட்டான். ஊர் நிலவரம் விசாரிப்பவன் போல மெதுவாகப் பேசினான்.

"பெரம்பூர்லதான வேல? சாய்ந்தரம் சுரங்கப்பாத வழியாதான சைக்கிள்ல வருவ? நானும் அந்தாண்டதான்ணே நின்னுக்கினு இருப்பேன்."

அவ்வளவுதான். கத்தியைக் காட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. தோளில் இருந்த கை மட்டும் எடுபடவில்லை. வெளியே பன்னிரண்டு பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோகநாதன் கோழியைக் கீழே விட்டார்.

"நல்ல கோயிதான். எறக்கிக்கோங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு பயங்கள். சுரங்கப்பாதை ஒன்று. அதைச் சுற்றிக்கொண்டு, கூடுதலாக முக்கால் மணி நேரம் மிதித்து வீட்டுக்கு வந்தார். மற்றது எர்ணாவூர். ரமாபாய் மகளுக்குக் காது குத்தியபோது ஜுரம் என்று படுத்துக்கொண்டார். உண்மையாகவே உடம்பு சுட்டதாக ராஜாத்தி சொல்கிறாள். கீழே மளிகைக் கடைக்குப் போன் வந்து, "ராஜாத்தி வூட்டுக்கு" என்று பையன்கள் கத்தினால் மொட்டை மாடிக்குப் போய்க் கோழிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வார். சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டார். என்ன என்று கேட்ட மனைவியிடம், வேலையில் பேஜாரு என்று சொல்லிவிட்டார்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரமாபாயே வந்துவிட்டாள். கையில் ஒரு கூடை. மேலே போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்தாள். உள்ளே ஒரு பெட்டை. முதுகு இரண்டு பக்கமும் கிழிந்து தோல் தொங்கியது.

"மாமா, இது இன்னா நோவுன்னு பாரு. ஒண்ணு செத்தே பூட்சி. இது ரெண்டாவது."

நோய் எதுவும் இல்லை. தன் பாரத்தைத் தாங்க முடியாத சேவல், ஏறத் தெரியாமல் ஏறி நகத்தால் கிழித்த காயம். லோகநாதன் பார்த்தார்.

ரமாபாய் பேசிக்கொண்டே போனாள். பெட்டைகள் முட்டை வைத்தன. அடைக்கோழிகளைத் தேடிப் பிடித்து அவற்றின் அடியில் வைத்தார்கள். இருபத்தெட்டு நாள் போயிற்று, முப்பதும் ஆயிற்று, ஒரு குஞ்சும் வரவில்லை. உடைத்துப் பார்த்தால் எல்லாம் கூமுட்டை. கோழிகளைப் பார்த்துக்கொள்வது செங்கொடியின் பொறுப்பு. நெட்டுக்குப்பத்தில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தவள், இதற்காக அந்த வேலையை விட்டவள்.

"அவ சரியா பாத்துக்கல, முட்டய மாத்தி வெச்சுட்டான்னு ஆளாளுக்குப் பேசிக்கினு கீறாங்க மாமா. வர்ற வெள்ளிக்கெயம கூட்டத்துல அவள குழுவ வுட்டே எடுத்துடணும்ன்றாங்க. அவ அந்தக் கோயி கொட்டாயாண்டயே படுத்துக் கெடந்தா. நான் இன்னா சொல்லட்டும்?"

லோகநாதன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். ராஜாத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கியவர் குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தார்.

"நோவு இல்ல ரமா. அது பண்ணைக் கோயி. அந்தச் சேவலால ஜென்மத்துக்கும் குஞ்சு வராது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

மாடியில் அவருடைய சேவல் குளுகுளுவென்று கத்தியது.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"அந்த பாஸ்கரு தோள்ல கைய வெச்சான் ரமா. எனக்கு பயந்துகிச்சு."

ரமாபாய் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கூடையை மூடினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவகிட்ட வந்து சொல்லு" என்று எழுந்தாள்.

எர்ணாவூரில் கோழிக்கொட்டகைக்கு முன்னால் பெண்கள் சூழ நின்று லோகநாதன் மறுபடியும் சொன்னார். இந்த முறை பாதியில் நிறுத்திவிட, மிச்சத்தை ரமாபாய் சொல்லி முடித்தாள். செங்கொடி தீவனத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஒரு மாசமா நான் தெருவுல தல நிமிந்து நடக்கல" என்றாள். "பயம் உனக்கு மட்டுந்தானா? நான் தனியா புள்ளய வெச்சுக்கினு இருக்கறவ. எனக்கு பயம் இல்லன்னு நெனச்சியா?"

லோகநாதன் அவள் கவிழ்த்து வைத்த தட்டையே பார்த்தார்.

"இங்க சொன்னத அந்தக் கடையில வந்து சொல்லு. அது போதும்" என்றாள் செங்கொடி.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்குக் கோழி சொல்லிவைக்க வந்தவர்களால் சிவந்தியின் கடை நிரம்பியிருந்தது. இரண்டு சேவல்களையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பெண்கள் உள்ளே போனார்கள். லோகநாதன் கடைசியாக நுழைந்தார். தராசுக்குப் பக்கத்தில் பாஸ்கர் நின்றுகொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் மெல்லச் சிரித்தான்.

சிவந்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு நல்ல கோழின்னு சொன்னவரு இவருதானாமே? இன்னைக்கு மாத்திச் சொல்லுதாரு. நாளைக்கு என்ன சொல்லுவாரு? இவரு பேச்ச நம்பி நான் யாவாரம் பண்ண முடியுமாம்மா?" கடையில் இருந்தவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் உள்ளே கையைக் காட்டினார். "எங்கிட்ட ரெண்டு வகையும் கெடக்கு. ஆறு கோழி எடுத்து வைக்கேன். எது எதுன்னு சொல்லும்வே பாப்போம்."

அன்று நடந்ததன் பலன் இப்படி: ஆறு கோழியையும் லோகநாதன் சரியாகச் சொல்லிவிட, சிவந்தி இரண்டு சேவல்களையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு நாட்டுச் சேவல்களைக் கொடுத்தார். பெட்டைகளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தனக்கு அனுப்பியவன்தான் ஏமாற்றினான் என்றார். அது மெய்யோ பொய்யோ, யாருக்கும் தெரியாது. காயம்பட்ட பெட்டையும் செத்தபின் மிஞ்சிய ஆறில் நாலு பெட்டை, புதிதாக வந்த நாட்டுச் சேவல்களோடு சேர்ந்து, பிப்ரவரியில் பதினேழு குஞ்சு பொரிந்தது. மற்ற இரண்டும் கோடை வெயில் தாங்காமல் செத்துப்போயின. செங்கொடி குழுவில்தான் இருக்கிறாள். லோகநாதன் போனால் டீ கொடுக்கிறாள், அதிகம் பேசுவதில்லை. பாஸ்கர் இதுவரை எதுவும் செய்யவில்லை. லோகநாதன் இன்றும் சுரங்கப்பாதைப் பக்கம் போவதில்லை. கோழி பார்க்க யார் கூப்பிட்டாலும், கூட யார் யார் இருப்பார்கள் என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

ஆனால் எர்ணாவூர்ப் பெண்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்தச் சனிக்கிழமையின் முதல் கோழியைத்தான் சொல்கிறார்கள்.

ஆறு கோழிகளையும் வரிசையாகக் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்க வந்தவன் பாஸ்கர். முதல் கோழியை நீட்டியபோது அவன் முகம் லோகநாதன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. லோகநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வித்தை காட்டுகிறார் என்று கூட்டம் நினைத்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் மூடினார் என்பது பக்கத்தில் நின்ற ரமாபாய்க்குத் தெரியும். கை அடியில் போயிற்று. விரல்கள் நெஞ்சைத் தடவின. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார்.

"பண்ணை" என்றார்.

கோழியைக் கீழே விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைக்கு வெளியே ஓடினார். சாக்கடை ஓரம் குனிந்து காலையில் குடித்த கஞ்சி முழுவதையும் வாந்தியெடுத்தார். ஓடிவிட்டார் என்று யாரோ சிரித்தார்கள். லோகநாதன் தெருக்குழாயில் வாயைக் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார், சட்டைக் காலரால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, பழைய இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அடுத்தத குடு" என்றார்.